வீடு எவர் பெயரில்?

உயர்தர வகுப்பிலே ஒரு நாள் கிழக்கிலங்கையின் நாட்டார் வழக்காறுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே வழங்கும் குடி முறையை விளக்க நேர்ந்தது. இங்கே பிறக்கும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடியிற் பிறந்த ஆணும் பெண்ணும் மணம் செய்துகொள்வதில்லை. சில குடிகள் பெண்ணின் பெயரையே தாங்கி நிற்கின்றன; வரிசைநாச்சி குடி அதற்கு ஓர் உதாரணம். பள்ளிவாசல் நிர்வாகத்திலே குடிக்கு ஒருவராக மரைக்காயர்மார் அமர்ந்து ஊர் விவகாரங்களைத் தீர்த்து வந்தனர். இவற்றையெல்லாம் சொல்லிக் கரும்பலகையில் எழுதியும் முடித்தோம்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், குடி உம்மாட வழியால வாற எண்டா, குடிக்கு வாற மரைக்காயர் மட்டும் ஏன் எப்பவும் ஆம்பிளையா இருக்கிறாரு?"

வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். "நல்ல கேள்வி" என்றோம். விடை தெரியாத ஆசிரியர் யாவரும் சொல்லும் வார்த்தை அது. மணி அடித்தது, தப்பினோம். ஆயினும் அக்கேள்வி வீடுவரை எம்முடன் நடந்து வந்தது. வீடு என்று சொல்லும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் குடியிருக்கும் வீடு எம்முடையதன்று, எம் மனைவியுடையது.

எம் பகுதியை அறியாத வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இக்கரையிலே, மகளுக்கு மணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவான். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையிற் சிறு வீடு கட்டி ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோரை இன்றும் காணலாம். அயலிலே வாழும் தமிழரிடமும் இவ்வழக்கம் உண்டு. பழைய மட்டக்களப்புத் தேசத்தில் முக்குவர் சட்டம் என்னும் தாய்வழி உரிமைமுறை வழங்கி வந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் அதனை நூலாக்கினார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் ஆய்வு செய்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, தமிழரும் முஸ்லிம்களுமாகிய இரு சமூகங்களும் பகிர்ந்துகொள்ளும் இத்தாய்வழி முறையை விரிவாக எடுத்துரைக்கின்றார்.

ஆகவே பெண்ணுக்கு வீடு உண்டு. தாயிடமிருந்து மகளுக்கு, அம்மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வீடு இறங்கி வரும். கணவன் மாறலாம், மாளலாம், வீடு மாறாது. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற காலத்தில் வெளியூர் நண்பர்களிடம் இதைப் பெருமையோடு சொல்லித் திரிந்தோம். எங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டில் எழுதிய குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றிய நூலை அப்பொழுதுதான் படித்திருந்தோம். தாயுரிமை வீழ்ந்து தந்தையுரிமை எழுந்த வரலாற்றை அதிலே கண்டு, 'அந்த வீழ்ச்சி எம் ஊர்வரை வந்து சேரவில்லை' என்று விவாதமும் செய்தோம். அந்த வீழ்ச்சியை எம் கண்ணாலேயே கண்டிருந்தோம் என்பது அன்று எமக்கு விளங்கவில்லை. கண்டபோது எமக்கு வயது பதினாறு.

எம் உம்மாவின் வீடு மருதமுனையிலே கடற்கரைக்கு அண்மையில் இருந்தது. உம்மாவின் உம்மா, அதாவது எம் மூத்தம்மா, மகளுக்கு எழுதிக் கொடுத்த வீடு அது. முன் கூடத்திலே கைத்தறி ஒன்று கிடந்தது. வாப்பா நெசவுக்காரர், சாரனும் சேலையும் நெய்தார். நூலைக் காயப்போடுவதும், இராட்டிற் சுற்றுவதும், இழை அறுந்தால் முடிச்சிடுவதும் உம்மாவின் வேலை. துணி விலைபோகும்போது அது வாப்பாவின் உழைப்பு என்றே எண்ணப்பட்டது. தறி நின்ற தரை உம்மாவுடையது என்பதை மட்டும் யாரும் மறந்ததில்லை. கோபம் வந்தால் வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தம் தாயார் வீட்டுக்குப் போய்விடுவார். போக வேண்டியவர் அவரே. உம்மா போக வேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன், கடல் ஊருக்குள் வந்தது. இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 10,000 பேருக்கு மேல். மூத்தம்மாவை அன்று இழந்தோம். வீடு இருந்த இடத்திலே அத்திவாரக் கற்கள் கிடந்தன. தறியின் ஒரு கட்டை தென்னையில் மாட்டிக் கிடந்தது. தகரப் பெட்டியிலே உம்மா பொத்தி வைத்திருந்த காணி உறுதியும் போய்விட்டது.

அடுத்த ஆண்டு வீடிழந்தோரின் விபரம் பதிய வந்தனர். மரத்தடியில் மேசை; மேசையின்மேல் படிவங்கள். வாப்பாவோடும் உம்மாவோடும் நாமும் வரிசையில் நின்றோம்.

"குடும்பத் தலைவர் பேர்?" என்றார் உத்தியோகத்தர்.

வாப்பா தம் பெயரைச் சொன்னார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய், "ஐயா, ஊடு இவட பேரில இருந்த. இவட உம்மா எழுதிக் குடுத்த ஊடு" என்றார்.

"உறுதி இருக்கா?"

"கடல் கொண்டுபோயிட்டு."

"அப்ப குடும்பத் தலைவர்ட பேரத்தான் போடலாம். ஒரு பேருக்குத்தான் இதில இடம் இருக்கு."

அவர் தீயவர் அல்லர். களைத்துப்போயிருந்தார், அவருடைய உறவினரும் கடலிலே போயிருந்தனர் என்று பின்னர் அறிந்தோம். வாப்பாவும் பேராசைக்காரர் அல்லர். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். ஒரு தொண்டு நிறுவனம் ஊரின் மேற்கே வாங்கிக் கொடுத்த காணியில் எழுந்த புதிய வீடு வாப்பாவின் பெயருக்கு எழுதப்பட்டது. எம் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று இது. கிழக்குக் கரையிலே பெண்களின் பெயரிலிருந்த எத்தனையோ வீடுகள் மீள எழும்போது ஆண்களின் பெயருக்கு மாறின. 'குடும்பத் தலைவர்' என்ற சொல் எவ்வாறு பெண்களின் உரிமையைப் பறிக்கின்றது என்று பெண்ணுரிமை அமைப்புகள் அப்பொழுதே குரல் எழுப்பின. கடல் சுவரைத்தான் இடித்தது. உரிமையை மாற்றியது காகிதம்.

இதன் பொருள் எமக்கு விளங்கியது பல ஆண்டுகளின் பின்னர். அதுவும் ஆபிரிக்கப் பெண்கள் எழுதிய நூல்களைப் படித்தபோது. கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இரண்டு ஆங்கில நூல்களைத் தந்தார். ஒன்று நைஜீரியப் பெண்ணறிஞர் இஃபி அமாடியூமே 1987ஆம் ஆண்டில் வெளியிட்டது. 'ஆண் மகள்களும் பெண் கணவர்களும்' என்று அதன் தலைப்பைத் தமிழிலே சொல்லலாம். இக்போ மக்களின் ந்நோபி என்னும் ஊரிலே, மகன் இல்லாத தந்தை தன் மகளை மகனின் நிலையில் வைத்து நிலத்தை ஒப்படைக்க முடிந்தது. செல்வமும் செல்வாக்கும் பெற்ற பெண், மற்றொரு பெண்ணை மனைவியாக ஏற்றுக் குடும்பத்தின் உழைப்பையும் உறவையும் பெருக்கிக்கொள்ளவும் முடிந்தது. கணவன் என்பது அங்கே ஓர் அதிகார நிலை. அந்நிலையில் ஆணும் அமரலாம், பெண்ணும் அமரலாம். ஆங்கில ஆட்சியும் கிறிஸ்தவ மிஷனும் வந்தபின் அந்த வாயில் அடைபட்டது என்பது அமாடியூமேயின் வாதம்.

மற்றையது ஓயெரோங்கே ஓயெவூமி 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். யொருபா மக்களிடையே ஒருவரின் நிலையைத் தீர்மானித்தது ஆண், பெண் என்னும் வேற்றுமையன்று, வயது மூப்பே என்கின்றார் அவர். பெண்கள் என்று தனியே ஒரு கூட்டத்தை வகுத்து, அக்கூட்டத்தை ஆட்சி மன்றத்திலிருந்தும் நிலவுரிமையிலிருந்தும் தள்ளி நிறுத்தியது குடியேற்ற அரசு. அதன் கணக்கேடுகளும் நீதிமன்றங்களும் அதற்குக் கருவிகளாயின. இவ்வாதத்தை ஆபிரிக்கப் பெண்களுள்ளும் பலர் முழுவதாக ஏற்கவில்லை. மூப்பின் அதிகாரத்துக்குள்ளேயே ஆணின் அதிகாரம் ஒளிந்திருக்கக்கூடும் என்று பிபி பக்காரே-யூசுப் மறுத்தெழுதினார். அந்த மறுப்பும் எமக்குத் தேவைப்பட்டது. அதற்குப் பின்னர் வருவோம்.

இந்நூல்களைப் படித்த இரவு, மரத்தடி மேசை கண்முன்னே வந்து நின்றது. 'ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு.' அந்த ஒற்றைக் கோடு எங்கிருந்து வந்தது? எம் ஊரின் குடி முறையிலிருந்து வந்ததன்று; மார்க்கத்திலிருந்தும் வந்ததன்று. கணவனின் சொத்து வேறு, மனைவியின் சொத்து வேறு என்பது இஸ்லாத்தின் தெளிவான விதி. வீட்டுக்கு ஒரு தலைவன், அவன் ஆண் என்னும் எண்ணம் அலுவலக வழியாகவே எம்மிடம் வந்தது. ஆங்கில அரசு 1935ஆம் ஆண்டில் இயற்றிய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை நோக்குக. அரச காணியின் உரிமை இறங்கும் வரிசையிலே மகளுக்கு முன் மகனை வைத்தது அது. அந்த வரிசையைத் திருத்த 2022ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்நியன் போய் நெடுங்காலமாயிற்று. அவன் கோடிட்ட படிவம் போகவில்லை.

படிவத்துக்கு எதிராக எழுந்த பெண்களும் உண்டு. 1929ஆம் ஆண்டின் இறுதியிலே, தென்கிழக்கு நைஜீரியாவின் ஒலோக்கோ என்னும் ஊரில், ஆட்களையும் ஆடுமாடுகளையும் கணக்கெடுக்க வந்தனர். கணக்கின் பின்னால் பெண்களுக்கும் வரி வரும் என்று ஐயுற்ற இக்போ, இபிபியோப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அரசு நியமித்த தலைவர்களின் வாயிலிலே அமர்ந்து பாடியும் ஆடியும் அவர்களை நாணச் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் மாண்டனர். ஆயினும் அந்நியமனத் தலைவர் முறையை அரசு மாற்றியே தீரவேண்டியதாயிற்று. தாம் எந்தப் பேரேட்டில், எவ்வாறு எழுதப்படுகின்றோம் என்பது உயிரைக் கொடுத்தும் கேட்கவேண்டிய கேள்வி என்று எழுத்தறியாத அப்பெண்கள் அறிந்திருந்தனர். எம் உம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர். அவருக்குப் பின்னே நின்ற நாமோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். இருவரும் பேசாமல் நின்றோம்.

2022ஆம் ஆண்டிலே வாப்பா காலமானார். உம்மா இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. பொழுது போகாது, துக்கமும் போகாது. அஸர் தொழுகைக்குப் பின் சென்று உம்மாவோடு இருப்பது எம் வழக்கமாயிற்று. அப்பொழுது ஒரு கதை சொன்னோம். செனகல் நாட்டு ஆசிரியை மரியாமா பா 1979ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நாவல் அது. 'இத்தனை நீண்ட கடிதம்' என்பது தலைப்பின் பொருள். ஆபிரிக்க நூல்களுக்கான நோமா விருதை 1980ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெற்ற நூல். அதன் நாயகி ரமத்துலாயும் ஓர் ஆசிரியை, முஸ்லிம் பெண். கணவன் இறந்து இத்தாவில் இருக்கின்றாள். அந்த நான்கு மாதமும் பத்து நாளுமே கதையின் காலம். அறைக்குள் இருந்தபடி தன் தோழிக்குக் கடிதம் எழுதுகின்றாள். மகளின் தோழியான இளம்பெண்ணை இரண்டாந் தாரமாக்கிக்கொண்டு தன்னைக் கைவிட்டுப் போன கணவனைப் பற்றி எழுதுகின்றாள்.

எங்கோ ஆபிரிக்காவில் ஒரு பெண் தம்மைப் போலவே நாளெண்ணிக்கொண்டிருந்தாள் என்பது உம்மாவுக்கு ஆச்சரியமாயிருந்தது. பல நாள் கேட்டார். ஒரு நாள் இடைமறித்தார்.

"அது சரி மகன், அவ இருக்கிற ஊடு ஆருட பேரில?"

நாம் திகைத்தோம். நாவலைப் பற்றிப் படித்தோர் எத்தனையோ கேள்விகள் கேட்டிருப்பர். இக்கேள்வி எமக்குத் தோன்றியதேயில்லை. நூலைப் புரட்டிப் பார்த்தோம். விடை அங்கேயே இருந்தது. இருவரின் சேமிப்பாலும் வாங்கிய வீடு. உறுதி மட்டும் கணவன் பெயரில். இரண்டாந் தாரத்துக்கு வேறு வீடு வாங்குவதற்காக அவ்வீட்டை அவன் அடகு வைத்துவிட்டான். கணவனின் மரணத்தின் பின்னரே அவளுக்கு அது தெரிய வருகின்றது. இதைச் சொன்னதும் உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்துல படிப்பிச்ச பொம்பிளைக்கும் அப்படித்தானா?" என்றார்.

இத்தா முடிந்தது. வாப்பாவின் சொத்தைப் பங்கிடும் பேச்சு வந்தது. சொத்து என்று சொல்ல அந்த ஒரு வீடே. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம்களின் உரிமையிறங்கற் சட்டப்படி, மார்க்க விதியை ஒட்டிக் கணக்கிட்டோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. நாமும் தங்கையும் என இரண்டே பிள்ளைகள். ஆகவே 24 பங்கில் உம்மாவுக்கு 3, தங்கைக்கு 7, எமக்கு 14. முழு வீட்டுக்கும் உரியவராயிருந்த உம்மா, எட்டில் ஒன்றுக்கு உரியவரானார். வீட்டில் ஒரு கல்லுக்கும் உரிமை இல்லாமற் பிறந்த மகனாகிய நாம் பாதிக்கு மேல் உரியவரானோம். நாம் யாதொரு சூழ்ச்சியும் செய்யவில்லை. பேசாமல் நின்றோம், அவ்வளவே.

ஊரின் மௌலவி ஒருவரிடம் கேட்டோம். முதியவர், நேரே சொன்னார்: "வாப்பாட சொத்தப் பங்கு வைக்கத்தான் மார்க்கம் சொன்ன. உம்மாட சொத்த வாப்பாட சொத்தாக்கச் சொன்ன ஆரு?"

எம் பங்கைத் தங்கைக்கு எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். எம் பெருந்தன்மையை நினைந்து எமக்கே ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. நொத்தாரிசு நன்கொடை உறுதியின் நகலை வாசித்தார். தங்கைமீது கொண்ட இயல்பான அன்பின் நிமித்தம் நாம் இதனை நன்கொடையாக வழங்குவதாக அதிலே எழுதியிருந்தது. இவ்வகை உறுதிகளில் வழக்கமாய் வரும் வாசகம் அது. தங்கை இடைமறித்தாள்.

"காக்கா, அன்பால தாற எண்டு ஏன் போடுறீங்க? இது உம்மாட ஊடுதானே. எங்கட ஊட்ட எங்களுக்குத் தாறத்துக்கு அன்பு எதுக்கு?"

நொத்தாரிசு சிரித்து, "தங்கச்சி, இது படிவம்" என்றார்.

மறுபடியும் படிவம்! இம்முறை நாம் பேசினோம். வாசகத்தை நீக்க இயலாதெனின், உறுதியின் முற்கூற்றிலே வரலாற்றைச் சேர்க்குமாறு கேட்டோம்: உம்மாவுக்கு அவர் தாயார் எழுதிக் கொடுத்த வீடு இருந்தது, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் அது அழிந்தது, அதற்கு ஈடாகக் கிடைத்ததே இவ்வீடு. நொத்தாரிசு யோசித்தார், சேர்த்தார். உம்மாவும் தம் 3 பங்கை மகளுக்கு எழுதினார். தாம் வாழுங்காலம்வரை அங்கே வாழும் உரிமையையும் அதிலே பதியச் செய்தார். அந்நிபந்தனையைக் கேட்டவர் உம்மாவே. படித்த எமக்கு அதுவும் தோன்றவில்லை.

ஒப்பமிடும்போது உம்மா மற்றொன்று சொன்னார். மணமான காலத்திலே, மூத்தம்மா வீட்டை எழுதியபோது, அதை ஏற்றுக்கொள்வதாக உறுதியில் தாம் ஒப்பமிட்டாராம். அதே கிழமையில் நடந்த நிக்காஹ்வின் பதிவிலே ஒப்பமிட்டோர் மணமகனும், பெண்ணின் வலியும், மற்ற ஆண்களும், தாம் அல்லராம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. அச்சட்டம் காதியாராக ஆண்களை மட்டுமே அமர்த்திற்று. பதினெட்டு வயது நிரம்பாத சிறுமியின் மணத்துக்கும் இடம் வைத்தது. அதனைத் திருத்த முஸ்லிம் பெண்கள் நெடுங்காலம் போராடினர். 2009ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையை ஒப்படைத்தது 2018ஆம் ஆண்டில். வீட்டை ஏற்க உம்மாவின் கையெழுத்து வேண்டியிருந்தது; கணவனை ஏற்க வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் மாணவியின் கேள்விக்கு ஒரு விடை புலப்படுகின்றது. எம் ஊரிலே அடையாளம் தாய்வழி வருகின்றது. வீடும் தாய்வழி வருகின்றது. தீர்மானிக்கும் இடம் மட்டும் ஆணிடம் இருக்கின்றது. பள்ளிவாசல் நிர்வாகம், காதியார் மன்றம், அலுவலக மேசை யாவும் அவனிடமே. ஆகவே 'எம்மிடம் தாய்வழி முறை உண்டு, எமக்குப் பெண்ணுரிமைப் பேச்சு வேண்டாம்' என்று பெருமை பேசுவோரை நாம் நம்பலாகாது. அவர்களுள் ஒருவராக நாமும் இருந்தோம். பக்காரே-யூசுப் செய்த எச்சரிக்கை இதுவே: அந்நியன் வருமுன் யாவும் நன்றாயிருந்தன என்று எண்ணுதல் எளிது, அவ்வெண்ணத்தின் நிழலிலே உள்ளூர் ஆணின் அதிகாரம் சுகமாய் உறங்கும். அதேபோல், 'பழைய முறை யாவும் பிற்போக்கு, அழியட்டும்' என்று முற்போக்காளர் சிலர் சொல்வதும் பிழை. அப்பழைய முறை உம்மாவின் காலடியிலே வைத்திருந்த ஒரு துண்டு நிலத்தை நவீனமான படிவமன்றோ பறித்தது!

மேலும், அந்த வீடு எவர் உழைப்பில் எழுகின்றது? எம் மனைவியின் வீட்டைக் கட்டியவர் அவருடைய தமையனார். பத்தாண்டு கட்டாரில் உழைத்து, தங்கைமார் இருவருக்கும் வீடு கட்டிய பின்னரே அவர் மணம் செய்தார். சீதனத்தை எதிர்த்து மாணவர் மன்றத்தில் முழங்கிய நாம், அவ்வீட்டுக்குள் வலக்கால் வைத்து நுழைந்தோம். 'ஊர் வழக்கம்' என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். வீடு கட்ட இயலாத குடும்பங்களிலே பெண்கள் மணமின்றி நரைக்கின்றனர், அல்லது வெளிநாடு சென்று பிறர் வீட்டில் உழைத்துத் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்கின்றனர். ஆகவே பெண்ணின் வீடு அவளுக்கு அரண். அதுவே அவளுக்கு விதிக்கப்பட்ட விலையுமாகும். நைஜீரியப் பெண்ணறிஞர் மொலாரா ஓகுண்டிபே, ஆபிரிக்கப் பெண்ணின் முதுகிலே பல மலைகள் சுமத்தப்பட்டுள்ளன என்றார். அந்நியன் ஒரு மலை, மரபு ஒரு மலை, ஆண் ஒரு மலை என எண்ணிக்கொண்டே போகின்றார். ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு விடுதலை வந்தது எனல் பொருந்தாது.

எம் போன்ற ஆசிரியர் செய்யக்கூடியது யாது? நைஜீரியாவின் அபெயோக்குட்டா நகரிலே ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி என்னும் ஆசிரியை இருந்தார். 1944ஆம் ஆண்டளவில் அவர் நடத்தியது படித்த சீமாட்டிகளின் சங்கம். சந்தையிலே அரிசி விற்ற பெண்கள் அதற்குள் வந்தபோது சங்கம் மாறியது. 1946ஆம் ஆண்டில் அது பெண்கள் ஒன்றியம் ஆயிற்று. அவர்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை, வரியின் கொடுமையை அவர்களிடமிருந்து அறிந்துகொண்டார். பல்லாயிரம் பெண்கள் அரண்மனை வாயிலில் நின்றனர். பெண்கள்மீதான வரி நிறுத்தப்பட்டது. 1949ஆம் ஆண்டில் மன்னரும் சிறிது காலம் முடி துறந்தார். கற்பித்தவர் கற்றுக்கொண்டமையே அதன் தொடக்கம் என்று எமக்குத் தோன்றுகின்றது.

ஆண்டுதோறும் முதல் தவணையிலே வகுப்பாசிரியராகிய நாம் மாணவரின் விபரங்களைப் பதிகின்றோம். கொப்பியிலே நாமே அடிமட்டம் வைத்துக் கோடிடுவோம். முதற் கட்டம் மாணவர் பெயர். இரண்டாவது தந்தையின் பெயர். மூன்றாவது தந்தையின் தொழில். இவ்வாண்டு அக்கோடுகளை இடும்போது கை நின்றது. பத்து ஆண்டுகளாக மரத்தடி மேசையில் அமர்ந்திருந்த உத்தியோகத்தர் நாமேயன்றோ!

இரண்டாவது கட்டத்தை அழித்து, 'வீட்டுப் பொறுப்பாளர்' என்று எழுதினோம். ஒன்றுக்கு மேற்பட்ட பெயருக்கு இடம் வரும்படி அகலமாகக் கோடிட்டோம். குடியைப் பற்றிக் கேட்ட அம்மாணவியின் முறை வந்தது. முந்திய ஆண்டின் பதிவிலே அவளுடைய தந்தையின் பெயர் எம் கையெழுத்தில் இருந்தது.

"ஊட்டுப் பொறுப்பு ஆரு, பிள்ளை?" என்றோம்.

"உம்மா, சேர். உம்மா குவைத்தில. ஊடும் உம்மா காசு அனுப்பிக் கட்டினதுதான். வாப்பா எங்களோட இல்ல. போன வருசமும் சொன்னேன் சேர், நீங்க வாப்பாட பேரத்தான் எழுதினீங்க."

அவள் குற்றஞ்சாட்டும் குரலிற் சொல்லவில்லை. தாயின் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்லும்படி கேட்டோம். சொன்னாள், எழுதினோம். அடுத்த கட்டத்திலே, தொழில் என்ற இடத்தில், என்ன எழுதுவது என்று அவளையே கேட்டோம். "வீட்டு வேலை" என்று முதலிற் சொன்னாள். பிறகு சற்று யோசித்து, "வெளிநாட்டில தொழில் எண்டு எழுதுங்க, சேர்" என்றாள்.